ஐஸ் ஓய்வெடுத்த சனிக்கிழமைகள்

பவளந்துறையில் ஐஸ் உருக மறுத்த முதல் சனிக்கிழமை, கடல் எப்போதும் போலத்தான் இருந்தது, காகங்கள் எப்போதும் போலத்தான் கத்தின, விசைப்படகுகள் வெயில் ஏறுமுன் கரைக்கு வந்து சாளையும் நெத்திலியும் கூடை கூடையாக இறக்கின. மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான், கட்டிய நாளிலிருந்து ஒரு சனிக்கிழமைப் பகலில்கூடத் திறந்தறியாத எலியாஸ் ஐஸ் கம்பெனியின் பச்சை இரும்புக் கதவு அன்று அகலத் திறந்து கிடந்தது.

திறந்தவள் சிப்போரா. எலியாஸின் இளைய மகள், ஐம்பத்துமூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஊரில் எஞ்சியிருந்த ஒரே யூதப் பிறவி. நண்டும் இறாலும் கணவாயும் மலையாகக் குவியும் கடற்கரையில் பிறந்து, செதில் உள்ள மீனைத் தவிரக் கடலிலிருந்து வேறெதையும் நாக்கில் வைத்தறியாதவள். கடலோடிகள் எல்லோரும் கடலைப் பார்த்துக் கும்பிடும் ஊரில், கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே எங்கோ இருக்கும் எருசலேமைப் பார்த்துக் கும்பிடுகிறவள். அன்று அவள் எதையும் கும்பிடவில்லை. மோட்டாரைப் போட்டாள்.

தொட்டியிலிருந்து முதல் ஐஸ் கட்டியைச் சங்கிலியில் தூக்கி, கிரஷரில் தள்ளினான் தொம்மை, இருபத்தாறு வருஷமாக அங்கே வேலை செய்கிறவன். கிரஷரின் பற்கள் சுற்றின, சறுக்கின, கருங்கல்லைக் கடித்த கிழவரைப் போல முனகி நின்றன. கடப்பாரையால் ஓங்கிக் குத்தினான். ஒரு பொட்டுத் தெறிக்கவில்லை. கையால் தொட்டுப் பார்த்தான். கை சில்லிட்டது, ஆனால் நனையவில்லை.

"அக்கா, ஐஸ் ஈரமே விட மாட்டேங்குது."

"உப்புத் தண்ணி கலந்துட்டான்னு பாரு."

"நக்கியே பாத்துட்டேன். நல்ல தண்ணிதான். ஆனா வேலைக்கு வர மாட்டேங்குது."

ஏலம் விடும் ஞானப்பூ அதற்குள் வந்துவிட்டாள். கடற்கரையில் மைக் வைக்காமலே மூன்று படகுத்துறைக்குக் கேட்கும் குரல் அவளுக்கு. சிப்போராவோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

"ஏட்டி, ஒரு வழியா சனிக்கிழமை கடையத் தொறந்துட்டன்னு ஓடியாறேன், இன்னைக்குப் பாத்து ஒன் ஐஸு லீவு போட்டிருக்கா?"

படகுகளின் பெட்டிகளில் கிடந்த ஐஸும் அப்படியே இருந்தது, மீன்கடைப் பலகைகளின் ஐஸும், ஆஸ்பத்திரியில் ஒரு பையனின் நெற்றியில் வைத்திருந்த பையின் ஐஸும். நேற்று அந்தியில் எந்த அளவில் இருந்தனவோ அதே அளவில், அதே குளிரோடு, உச்சிவெயிலில் சொட்டாமல் மின்னிக்கொண்டிருந்தன. சாயங்காலம் கலங்கரை விளக்கத்துக்கு மேலே முதல் நட்சத்திரம் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது கண் திறந்த அந்த நொடியில், ஊரிலுள்ள ஐஸ் அத்தனையும், நெடுநேரம் உட்கார்ந்திருந்து எழுந்திருக்கும் பெண்ணைப் போல, ஒரு பெருமூச்சு விட்டது, சொட்டத் தொடங்கியது.

வெள்ளி அந்தியில் தொடங்கும் யூத ஓய்வு நாள் மூன்றாவது நட்சத்திரத்தோடு முடிவதைப் பார்த்த பிறகே இருபத்தாறு வருஷமாகக் கம்பெனிப் பூட்டைத் திறந்து பழகிய தொம்மைக்கு மற்றவர்களைவிட முன்னதாக விளங்கிவிட்டது.

"அக்கா," என்றான் மெதுவாக, "நீங்க விட்டீங்க. அது புடிச்சிக்கிட்டு."

தான் வேண்டாமென்று கழற்றிப் போட்ட சேலையை இன்னொருத்தி எடுத்துக் கட்ட, அது அவளுக்குப் பாந்தமாகப் பொருந்தியிருப்பதைப் பார்த்தவளைப் போல சிப்போரா நின்றாள். கோபமாகத்தான் வந்தது.

அவள் ஏன் விட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் பவளக்காரத் தெருவில் அவர்கள் பதினொரு குடும்பம். எலியாஸின் வீட்டுக் கூடத்தில், மேற்குச் சுவரில் வேதம் எழுதிய தோல்சுருள் வைத்த தேக்கு அலமாரி, அதுதான் தொழுகைக்கூடம். சில வேண்டுதல்களைச் சொல்லப் பத்து ஆண்கள் கூட வேண்டும் என்பது சட்டம். ஆனால் மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது என்பது அதைவிடப் பழைய வழக்கம். எண்ணப்படுவதற்கு மனிதர்கள் என்ன மீன் கூடையா? அதனால் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனத்தை எடுத்து, ஆளுக்கொரு சொல்லாகத் தலையில் கைவைத்துச் சொல்லிக்கொண்டே போவார்கள். எலியாஸ் அதைத் தமிழிலேயே தனக்கென்று கோத்து வைத்திருந்தார்: உம்முடைய மக்களை மீட்டருளும், உமது உரிமையை ஆசீர்வதியும், அவர்களை மேய்த்து, தாங்கியருளும், என்றென்றும். 'என்றென்றும்' ஒரு தலையில் வந்து இறங்கினால் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்; தொடங்கலாம்.

சிப்போராவின் அம்மா இறந்து முதல் வருஷம் திரும்பிய நாளில், அம்மாவுக்காகக் கதீஷ் சொல்ல, வியாபாரத்துக்கு வெளியூர் போனவர்கள் போக எல்லோரும் கூடினார்கள். கதீஷ் என்பது இறந்தவர் பேரால் சொல்லப்படுவது, ஆனால் அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது, முழுக்கப் புகழ்ச்சிதான்; அது சிப்போராவுக்கு அப்போதே பிடித்திருந்தது. அப்பா தலை தலையாகக் கைவைத்துக்கொண்டே வந்தார். 'தாங்கியருளும்' ஒரு பவள வியாபாரியின் வழுக்கைத் தலையில் இறங்கியது. அதற்கடுத்து நின்றது பன்னிரண்டு வயது சிப்போரா, எண்ணெய் வைத்து வகிடெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்பாவின் கை அவள் தலைக்கு மேலே காற்றில் ஒரு நொடி நின்றது. பிறகு இறங்காமலே திரும்பிப் போனது. அன்று அம்மாவுக்குக் கதீஷ் சொல்லப்படவில்லை. எல்லோரும் சுண்டலும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறியது, வசனமும் ஒவ்வொரு சொல்லாகக் குறுகியது. 'மேய்த்து' வரை வந்து நின்றது, 'ஆசீர்வதியும்' வரை வந்து நின்றது, 'மக்களை' என்பதோடு நின்றது, கடைசி வருஷங்களில் வெள்ளிக்கிழமை அந்தியில் எலியாஸ் தன் தலையில் தானே கையை வைத்து, 'உம்முடைய' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். பின்னால் மகள் நின்றுகொண்டிருப்பாள். அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அவரும் போன பிறகு பதினோரு வருஷம், அவள் வெள்ளி அந்தியில் தேங்காயெண்ணெய் விளக்கேற்றினாள், கம்பெனியைப் பூட்டினாள், மூன்று நட்சத்திரம் பார்த்துத் திறந்தாள். அப்பா விட்டுப்போன செருப்பைத் துடைத்து வைப்பது போல.

ஐஸ் மறுத்த அந்த முதல் சனிக்கிழமைக்கு முந்தின மாசம் அக்கா ராகேல் இஸ்ரேலிலிருந்து போனில் பேசினாள். "வந்துரு சிப்போரா. ஒத்தையா ஒருத்தி யூதச்சியா இருக்க முடியாது. அது கூட்டமாச் செய்ற காரியம். ஒத்தையாச் செஞ்சா அதுக்குப் பேரு வெறும் பழக்கம்."

சிப்போரா ஊரைவிட்டுப் போக விரும்பவில்லை. வெறும் பழக்கத்தை விட்டுவிடலாமே என்று தோன்றியது. விட்டாள், அந்த வெள்ளி அந்தியில் விளக்கேற்றவில்லை. ஐஸ் பிடித்துக்கொண்டது.

இனி ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பது. முதலில் மாவட்டத் தலைநகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் தெர்மாமீட்டரோடு வந்து, மூன்று பக்கம் எழுதி, சர்பத் குடித்துவிட்டுப் போனார். அந்தச் சர்பத்தைக் கொடுத்த மீராசா மரைக்காயர்தான் முதலில் பயனடைந்தவர். வெள்ளிக்கிழமை அந்திக்கு முன் உடைத்த ஒரே ஒரு துண்டு ஐஸை, சனிக்கிழமை முழுக்க நன்னாரி சர்பத்தில் போடுவதும், கிளாஸ் குளிர்ந்ததும் கரண்டியால் எடுத்துக் கழுவி அடுத்த கிளாஸில் போடுவதுமாக ஊருக்கே குளிரூட்டினார். "காலையில என் கிளாஸ்ல கிடந்த அதே மூஞ்சிதானய்யா இது!" என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தால், "அது ஓய்வுல இருக்கு, நீர் ஏன் அதத் தொந்தரவு பண்றீர்?" என்பார்.

வெள்ளி அந்திக்கு முன்னால் ஐஸில் புதைத்த மீன், சனி அந்தியில் எடுத்தாலும் கண் கலங்காமல் கிடந்தது. எனவே யாரும் ஓட வேண்டியதில்லை. ஞானப்பூ ஏலத்தை வெள்ளி மத்தியானத்துக்கும், சனிக்கிழமை மூன்று நட்சத்திரத்துக்குப் பிறகான நேரத்துக்கும் மாற்றினாள். நடுவிலே ஒரு முழுப் பகல் சும்மா வந்து ஊரின் மடியில் விழுந்தது. அதை என்ன செய்வதென்று முதல் வாரம் யாருக்கும் தெரியவில்லை. ஆண்கள் படகுத்துறை வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்கள், மறுபடியும் போனார்கள். இரண்டாவது வாரம் வலை பின்ன உட்கார்ந்தவர்கள், ஐஸே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று வெட்கப்பட்டு ஊசியைக் கீழே வைத்தார்கள். மூன்றாவது வாரம் பெண்கள் முதல்நாளே குழம்பு வைத்துவிட்டு, மாதா கோயில் வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் படுத்து, வருஷக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். குழந்தைகள் உருகாத ஐஸ் கட்டிகளைச் சரிவாக அடுக்கிச் சறுக்கினார்கள், ஒருவருக்கும் கால்சட்டை நனையவில்லை. பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், ஆண்டவரைப் பெற்ற யூதத் தாயும் சனிக்கிழமையில்தான் ஓய்ந்திருந்தாள் என்பதை நினைவூட்டி, இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று முடித்தார். ஒருமுறை பொறுமையில்லாத படகுக்காரர்கள் தூரத்துக் கப்பலின் விளக்கை மூன்றாவது நட்சத்திரமென்று கூவிப் பார்த்தார்கள். ஐஸ் நம்பவில்லை.

அந்த ஊரில் சனிக்கிழமை வேலைக்குப் போன ஒரே ஆள் சிப்போரா. ஒவ்வொரு வாரமும் பிடிவாதமாகக் கதவைத் திறந்தாள், மோட்டாரைப் போட்டாள், உடையாத ஐஸின் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஊரு பூரா யூதக்காரங்களா ஆயாச்சு," என்று ஞானப்பூ தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள், "யூதக்காரி மட்டும் டூட்டிக்குப் போறா!"

சிப்போராவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேப்பமரத்தடிச் சிரிப்பு கம்பெனிக்குள் வரும்போதெல்லாம் எழுந்து போய் மோட்டாரை இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். ஒத்தையாகச் செய்தது கூட்டமாகிவிட்டது. கூட்டத்தில் அவள் இல்லை.

இப்படியே நாலு மாசம். அப்பாவின் பன்னிரண்டாவது நினைவு நாள், அவர்கள் நாள்காட்டிப்படி, ஒரு சனிக்கிழமையில் வந்தது. அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை, தொம்மை தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"முதலாளிக்கு அந்த வேண்டுதல் இதுவரைக்கும் சொல்லவே இல்லல்லா அக்கா?"

"பத்துப் பேர் வேணும் தொம்மை."

"பத்துப் பேர்தான? நான் இருக்கேன். என் மச்சான்மாரு நாலு பேர். மரைக்காயர்..."

"நீங்கல்லாம் என் ஆளுங்கதான். ஆனா யூதங்க இல்ல. அப்பா விஷயத்துல பொய் சொல்லக் கூடாது."

எடைபோடும் மேடையில் கால் ஆட்டிக்கொண்டிருந்த ஞானப்பூ கேட்டாள்: "சரி, யூதன்னா யாருட்டி? ஐம்பது வருஷமாப் பாக்கேன், நண்டு திங்க மாட்ட, சனிக்கிழமை சும்மா இருப்ப. அவ்வளவுதான?"

"அவ்வளவு லேசு இல்ல."

"ஒன் ஐஸும் நண்டு திங்கிறதில்ல. சனிக்கிழமை சும்மாவும் இருக்கு. ஒன்னைவிட அது நல்ல யூதன். அதுல பத்துப் பேர நிறுத்து!"

சிப்போராவுக்கு முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது; நாலு மாசச் சிரிப்பும் சேர்ந்து வந்து, எடைமேடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபோது அது வேடிக்கையாக மட்டும் இல்லாமல் போயிருந்தது. சட்டப்படி செல்லாது என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பெரியவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் இந்த ஊரில் அந்தப் பதினொரு குடும்பத்தைத் தவிர ஓய்வு நாளை உண்மையாகக் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

"ஒன்பது போதும்," என்றாள். "பத்தாவது நான்."

தொம்மை தலையைச் சொறிந்தான். "பத்தாவது ஆளும் ஓய்வு நாள் வைக்கிற ஆளாத்தான் இருக்கணும், இல்லையாக்கா?"

அதுதான் விஷயம். அன்று மாலைக்குள் அது ஊரெல்லாம் பரவியது, கூடவே ஒரு பயமும் பரவியது: அவள் விட்டதால் அல்லவா ஐஸ் பிடித்தது? அவள் திரும்ப எடுத்துக்கொண்டால் ஐஸ் விட்டுவிடாதா? ஒன்பது பேரும் அவள் கூடத்திலேயே உருகி ஓடிவிட மாட்டார்களா? அதோடு ஊரின் சனிக்கிழமைகளும் போகும். பாய், வேப்பமரம், சறுக்கல், எல்லாம். புதன்கிழமை சில பேர் அவள் வாசலில் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். அது அவளைத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது. வியாழக்கிழமை வந்தவர் மீராசா மரைக்காயர். அந்த ஒற்றைத் துண்டு ஐஸ் போனால் எல்லோரையும்விட அதிகமாக இழக்கப்போகிறவர்.

"விளக்க ஏத்து தங்கச்சி," என்றார். "ஒரு சாமான உடையவங்க வந்து கேட்டா, திருப்பிக் குடுக்கிறதுதான் மரியாதை. ஐஸு குடுத்துட்டுப் போகட்டும், இல்ல ஒன்கூடச் சேந்து வச்சிக்கிட்டும் போகட்டும். அது ஒங்க ரெண்டு பேருக்குள்ள."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்பது கட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கூடத்தில் தகரத் தட்டுகளின் மேல் நிறுத்தினார்கள். அந்திக்கு முன்னால் அது சாதாரண ஐஸ் என்பதை அவசரத்தில் ஊரே மறந்துவிட்டது. நாலு மணிக்கு வந்து பார்த்த ஞானப்பூ அலறினாள்: "ஏல தொம்ம! ஆளுங்க பாதியா மெலிஞ்சிட்டாங்கல!" மறுபடி ஓட்டம். தொட்டியிலிருந்து ஒன்பது புதியவர்கள், சாக்கில் சுற்றி, மரத்தூள் போட்டு, தெருவே வண்டியைத் தள்ள, சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்க இறங்க, மூச்சு வாங்க வந்து நின்றார்கள்.

சிப்போரா குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி வந்தாள். கூடத்தில் சொட்டு, சொட்டு, சொட்டு என்று ஒன்பது பக்கமும் கேட்டது. வாசலில் ஊர் நின்றது. இரண்டு விளக்கையும் ஏற்றினாள். இரண்டு கைகளாலும் கண்ணை மூடினாள். நாலு மாசமாகச் சொல்லாத வார்த்தைகள் மறந்திருக்குமோ என்று பயந்தாள். அவை வாய்க்குள்ளேயே காத்திருந்தன. சொல்லி முடித்தாள். கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. சொட்டும் சத்தம் இன்னும் கேட்டது. சொட்டு. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, சொட்டு. பிறகு ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தாள். கடைசிக் கட்டியின் விளிம்பில் ஒரு துளி, முழுதாகத் திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் எழுந்த ஆரவாரத்தில் பவளக்காரத் தெருவின் புறாக்கள் எல்லாம் பறந்தன.

மறுநாள் பகல் முழுவதும் சிப்போரா ஒன்றுமே செய்யவில்லை. வேப்பமரத்தடிப் பாயில் ஞானப்பூவின் பக்கத்தில் படுத்து, கிளைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்தாள். தான் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தாலும் அலை வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பதைக் கேட்டாள். அப்பா இதைத்தான் வைத்திருந்தாரா, இவ்வளவு இனிப்பாகவா இருந்தது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நினைத்தாள். அவருக்கும் பக்கத்துப் பாயில் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்திருக்காது.

அந்தி நெருங்கியதும் கூடத்துக்குப் போனாள். அலமாரியைத் திறந்து வைத்தாள். முதல் கட்டியின் தலையில் கைவைத்தாள், காய்ந்த குளிர்.

"உம்முடைய."

அடுத்தது. "மக்களை." அடுத்தது. "மீட்டருளும்." தெருவில் இருந்தவர்கள் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "உமது. உரிமையை. ஆசீர்வதியும். அவர்களை. மேய்த்து." ஒன்பதாவது கட்டியில் அந்தத் துளி அப்படியே தொங்கியது. "தாங்கியருளும்."

அதற்கு அப்பால் யாரும் இல்லை. அவள் கை காற்றில் நின்றது, நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு கை நின்ற அதே உயரத்தில். பிறகு அந்தக் கை திரும்பிப் போகாமல், வளைந்து, நரைத்துப்போன அவள் வகிட்டின் மேல், குளிர்ந்து இறங்கியது.

"என்றென்றும்," என்றாள் சிப்போரா.

அப்பாவுக்குக் கதீஷ் சொன்னாள். அம்மாவுக்கும் சேர்த்துச் சொன்னாள். அந்த வேண்டுதலுக்கு நடுநடுவே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஐஸுக்கு வாய் இல்லை. அவள் ஒரு கணம் நிறுத்தியபோது வாசலிலிருந்து தொம்மையும் மச்சான்மாரும் "ஆமென்" என்றார்கள், மீராசா மரைக்காயர் "ஆமீன்" என்றார், ஞானப்பூவின் குரல் மூன்று படகுத்துறைக்கும் கேட்டது. உள்ளே நின்றவர்கள் எண்ணிக்கைக்கு, வெளியே நின்றவர்கள் பதிலுக்கு. இத்தனை பெரிய பதிலை அந்தக் கூடம் பதினொரு குடும்பம் இருந்த காலத்திலும் கேட்டதில்லை.

சொல்லி முடிக்கவும் மூன்றாவது நட்சத்திரம் வரவும் சரியாக இருந்தது. ஒன்பது கட்டிகளும் பெருமூச்சு விட்டன. அந்தத் துளி விழுந்தது. அதைத் தொடர்ந்து தண்ணீர் தட்டுகளை நிறைத்து, தளத்தில் பரவி, அவள் பாதங்களைச் சுற்றி, படியிறங்கித் தெருவுக்கு வந்து, செருப்பில்லாமல் நின்ற ஊர்க்காரர்களின் விரல்களுக்கிடையே நுழைந்து, சரிவைக் கண்டுபிடித்துக் கடலைப் பார்த்து நடந்தது. குழந்தைகள் கத்தினார்கள், இந்தத் தடவை எல்லோருக்கும் கால்சட்டை நனைந்தது.

ஞானப்பூ சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒன் ஆளுங்க ஒன்பது பேரும் கிளம்பிட்டாங்களே. அடுத்த வாரத்துக்கு என்ன செய்வ?"

"நாளைக்குத் தொட்டியில தண்ணி ஊத்துனா வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துருவாங்க," என்றாள் சிப்போரா, தலையிலிருந்த கையை இன்னும் எடுக்காமல். "பத்தாவது ஆளு இங்கதான இருக்கா."